யார் தோய்ப்பது, எங்கே போடுவது?

எங்கள் வீட்டுக் கொடியில் இன்று காலை பன்னிரண்டு துணிகள் காய்ந்தன. வெள்ளை என்று வாங்கியவை. களுதாவளைக் கிணற்று நீரில் இருக்கும் இரும்பு அவற்றை இலேசான காவி நிறமாக்கிவிட்டது. என் மகளின் பிள்ளைக்கு இப்போது ஏழு மாதம். அந்தக் கொடிக்கு நேரே உள்ள அறையின் மூலையில், ஒருமுறை கட்டிக் கழற்றி எறிகிற நெப்பிப் பொதி ஒன்றும் இருக்கிறது. எந்தக் கம்பனி செய்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் ‘பம்பஸ்’தான். நானும் அப்படியே சொல்கிறேன். பகலில் பிள்ளைக்குத் துணி, இரவில் பம்பஸ்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கொடியைப் பார்த்தவர், “இந்தக் காலத்திலயும் மகளைப் போட்டு இப்பிடித் தோய்க்க வைக்கிறீங்களே” என்கிறார். பொதியைப் பார்த்தவர், “மிட்வைஃபா இருந்த நீங்களே இதைப் போடலாமா மிஸ்?” என்கிறார். பேச்சு என்னை நோக்கி வந்தாலும் குத்து என் மகளுக்குத்தான். பிள்ளை வளர்ப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாய்தான் பிழைகாரி.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முப்பத்திரண்டு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகப் போனவள் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். கடைசியில் தாய்மாரிடம் திருப்பிக் கேட்கப் பழகிக்கொண்டவை இரண்டு கேள்விகள். துணி என்றால், யார் தோய்ப்பது? பம்பஸ் என்றால், கழற்றியதை எங்கே போடுவது? இந்த இரண்டுக்கும் விடை இல்லாத வீட்டில் எதைத் தெரிந்தெடுத்தாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். ஒன்றில் அந்த வீட்டுப் பெண், இல்லாவிட்டால் எங்கள் வாவி.

முதலில் துணியைப் பற்றி. “எங்கட பெத்தா காலத்தில எல்லாம் பழஞ்சீலைதானே” என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். கட்டிக் கட்டி மெதுவாகிப்போன பருத்திச் சேலையைச் சதுரமாகக் கிழித்து வைத்திருப்பார்கள். பிள்ளையின் தோலுக்கு அதைவிட இதமானது இல்லை. ஆனால் அந்தச் சீலைத் துண்டுகளை யார் தோய்த்தார்கள் என்பதை அந்தப் பெருமையில் யாரும் சேர்ப்பதில்லை. பிள்ளை பிறந்து முப்பத்தொன்று கழியும்வரை வீட்டில் துடக்கு. அந்த நாட்களின் துணிகளைக் கட்டாடி வீட்டுப் பெண்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனார்கள். ஊரின் அழுக்கைக் கழுவிய கைகளுக்கு ஊர் கொடுத்தது கொஞ்சம் நெல்லும் நிறைய இழிவும். அதன் பிறகு வந்த மாதங்களில் பெத்தாமார் தோய்த்தார்கள். பெத்தா இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை தோய்த்தாள். தம்பி பிறந்த வருடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுநின்ற அக்காமாரை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். பழஞ்சீலையின் இதத்தை நானும் மெச்சுகிறேன். அந்தப் பெண்களின் முதுகு வலியை மறந்துவிட்டு மெச்ச என்னால் முடியாது.

பம்பஸ் பெட்டி பெட்டியாக இறங்கியதை நான் முதலில் கண்டது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26இல் கல்லடி, நாவலடிப் பக்கமிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளில் தங்கியிருந்தார்கள். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. குடிக்கவே பவுசரில்தான் தண்ணீர். பிரசவித்துப் பத்து நாளான ஒரு பெண் அங்கே கையில் பிள்ளையோடு இருந்தாள். உடுத்தது ஒன்றைத் தவிர வேறு துணி இல்லை, துணி காயப்போடக் கயிறும் இல்லை. நிவாரணப் பொதியிலிருந்து ஒரு பம்பஸை எடுத்துக் கொடுத்தபோது அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பம்பஸைச் ‘சோம்பேறித் தாய்மாரின் சாமான்’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை.

இன்றைக்கும் அதை நம்பியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிற தாய் எப்போது தோய்ப்பாள்? மகள் மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, மூட்டு வலியோடு பேரப்பிள்ளையைப் பார்க்கிற பெத்தா எத்தனை வாளி தண்ணீர் அள்ளுவாள்? மட்டக்களப்பில் இப்படிப்பட்ட வீடுகள் ஒன்றிரண்டல்ல.

ஆனால் காசுக் கணக்கையும் பார்க்க வேண்டும். என் மகள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். எங்கள் கடையில் ஒன்றின் விலை எண்பது ரூபாய் அளவில் வருகிறது. நாளுக்கு ஐந்து என்றால் 400 ரூபாய், மாதத்துக்கு 12,000. 2026 ஜனவரியில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் வாங்குகிற குடும்பம் முழுநாளும் பம்பஸ் கட்டினால் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். அதனால் என்ன நடக்கிறது? காசை மிச்சம்பிடிக்க ஒரே பம்பஸைக் காலையிலிருந்து மாலைவரை விட்டுவைக்கிறார்கள். பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணாகிறது. கிளினிக்கில் தாய் அழுகிறாள். புண்ணுக்குப் பம்பஸும் காரணமில்லை, துணியும் காரணமில்லை. நனைந்ததை நேரத்துக்கு மாற்றாததுதான் காரணம். மூத்திரத்தில் ஊறிய துணியை அப்படியே விட்டாலும் இதே புண் வரும். நாங்கள் முப்பது துணி வாங்கினோம், 7,500 ரூபாய். இரவுக்கு ஒன்றும் பயணத்துக்குச் சிலதுமாக மாதம் நாற்பது பம்பஸ், 3,200 ரூபாய். துணிகள் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

இனி இரண்டாவது கேள்வி. கழற்றியதை எங்கே போடுவது?

போன சித்திரையில் குறுமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போனேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். பாதை நடு வாவிக்கு வந்தபோது, பிள்ளையோடு நின்ற ஒரு இளம் தாய் ஷொப்பிங் பேக்கில் முடிந்த பொதி ஒன்றைத் தண்ணீரில் விட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். “எங்க மிஸ் போட? வளவில எரிச்சா புள்ளைக்குக் குண்டி அவிஞ்சி போயிடும் எண்டு மாமி சொல்லுவா. தாட்டா மாரிக்கு மேல வருது. குப்பை டிராக்டர் எங்கட ஒழுங்கைக்கு வாறதில்ல” என்றாள்.

அவள் சொன்ன மூன்றையும் நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். எரித்தால் பிள்ளைக்கு ஆகாது என்ற பயத்தை நான் போன வீடுகளில் சைவர்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் முஸ்லிம்களிடமும் கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில் உண்மையில்லை. என்றாலும் ஈரப் பம்பஸ் எரியாது, புகையும். அந்தப் பிளாஸ்டிக் புகை பிள்ளையின் நெஞ்சுக்குக் கேடு. ஆகவே எரிக்காமல் விடுவது நல்லதுதான். புதைப்பதும் எங்கள் நிலத்துக்குச் சரிவராது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் துண்டு இது. மாரியில் இரண்டு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். 2024 நவம்பர் இறுதியில் வந்த வெள்ளத்தில், வளவுக்குள் புதைத்த பம்பஸ்கள் ஊதிப் பெருத்துக் கிணற்றடியில் மிதந்ததை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன்.

அது ஊதுவதற்குக் காரணம் உள்ளே இருக்கிற வெள்ளைத் தூள். சோடியம் பொலிஅக்ரிலேற்று என்று பெயர். தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்துக் களியாக மாறும். பிள்ளையின் தோல் காய்ந்திருப்பது அதனால்தான். அந்தத் தூளைச் சுற்றி மரக்கூழ், அதற்கு வெளியே நீர் கசியாத பிளாஸ்டிக் தாள். கூழ் அழுகும். பிளாஸ்டிக் அழுகாது, சின்னச் சின்னத் துகளாக உடையும். மட்டக்களப்பு வாவியில் அந்தத் துகளும் களியும் போய்ச் சேருகிற இடம் இறாலும் நண்டும் மேய்கிற சேறு.

வாவி பெரியது, எல்லாவற்றையும் கடலுக்குக் கொண்டுபோய்விடும் என்று நினைக்கிறார்கள். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீளத்துக்குக் கடலோடு வாய் இரண்டே இடத்தில்தான், மட்டக்களப்பு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும். கோடையில் மணல் திட்டு வாயை மூடிவிடும். மாரி வெள்ளம் வயலையும் வீட்டையும் முட்டும்போது முகத்துவாரத்தை வெட்டித்தான் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அப்படியென்றால் மாசியில் எறிந்த பொதி கார்த்திகை வரைக்கும் எங்கள் வாவிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வாய் கட்டிய பானைக்குள் போட்ட கதை. என் கொழுந்தன் வீச்சு வலைக்காரர். முந்தி வலையில் சாதாளையும் கண்டல் இலையும் மாட்டும். இப்போது பாரமாக வருகிறதே என்று ஆசையோடு இழுத்தால் பம்பஸ். அதைக் கையால் எடுத்து எறிந்துவிட்டு அதே கையால் மீனைப் பிரிக்கிறார். அந்த மீன்தான் பம்பஸ் எறிந்த வீட்டுக்கும் கறியாகப் போகிறது.

பால்குடிப் பிள்ளையின் மலத்தில் தீங்கில்லை என்ற எண்ணமும் பிழையானது. வயிற்றோட்டக் கிருமி பெரியவரின் மலத்தில் வருவதுபோலவே பிள்ளையின் மலத்திலும் வரும். இந்த எச்சரிக்கை துணி கட்டுகிறவர்களுக்கும் உரியது. மலத்துணியைக் கிணற்றடியில் அலசி அந்தத் தண்ணீரை மணலில் ஊற்றினால், அது வடிந்து போய்ச் சேர்வது அதே கிணற்றுக்குத்தான்.

இதே கதை நடந்த இன்னொரு இடத்தைச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பிரந்தாஸ் என்றொரு ஆறு. அங்கேயும் தாய்மாருக்கு எரித்தால் பிள்ளையின் தோல் வெந்துவிடும் என்ற பயம். அந்தப் பயத்தால் நெப்பிகள் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தன. எக்கோட்டன் என்ற சுற்றாடல் அமைப்பின் தொண்டர்கள் 2017இல் படையாகத் திரண்டு, ஆற்றில் இறங்கி நெப்பிகளை அள்ளினார்கள். அந்த நாட்டு நகரங்களின் நீர்வழிக் குப்பையை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த உலக வங்கி அறிக்கை, அதில் 21 சதவீதம் நெப்பிதான் என்றது. பிளாஸ்டிக் பைகளையும் அது மிஞ்சியிருந்தது. கடல் தாண்டிய ஊர், வேறு பாஷை, ஆனால் எங்கள் மாமிமாரின் அதே பயம். அந்த ஆற்றின் கதி எங்கள் வாவிக்கு வருவதற்கு முன்னாலாவது நாங்கள் விழிக்க வேண்டும்.

குப்பை மேட்டுக்குப் போனால் மட்டும் தீர்ந்துவிடுமா? அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடத்தில் சுமார் இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய்க் கொட்டிய எதுவும் இல்லாமல் போவதில்லை.

அதற்காக ஒரே நாளில் தடைசெய் என்று நான் கேட்க மாட்டேன். பசுபிக் தீவு நாடான வனுவாட்டு, ஒருமுறை கட்டி எறிகிற நெப்பிகளைத் தடைசெய்யப் போவதாக 2019இல் அறிவித்தது. தோய்க்கிற சுமை முழுதும் பெண்கள் தலையில் விழும் என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. எங்கள் நாட்டில் 2017இலிருந்து மதிய உணவுத் தாள், ரெஜிபோம் பெட்டி, உறிஞ்சுகுழாய் என்று ஒவ்வொன்றாகத் தடை வந்தது. அவற்றுக்கு மாற்றாக வாழை இலையோ கோப்பையோ கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. பம்பஸுக்கு மாற்று ஒரு மனிதரின் உழைப்பு. அந்த உழைப்பை யார் தருவார் என்று தீர்மானிக்காமல் போடுகிற சட்டம் தாயைத்தான் தண்டிக்கும்.

துணியைத் தோய்க்கவும் தண்ணீரும் சக்தியும் செலவாகிறதே, அது மட்டும் சூழலுக்குக் கேடில்லையா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிரித்தானியாவில் 2008இல் வந்த ஆய்வு, ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருடத்தில் ஆகும் காபன் வெளியீடு ஒருமுறை கட்டி எறிகிற நெப்பிக்கு 550 கிலோ, துணிக்கு 570 கிலோ என்றது. ஏறக்குறைய சரிக்குச் சரி. 2023இல் வந்த புதிய ஆய்வில் அது 457, 345 என்று துணியின் பக்கம் சாய்ந்தது. இரண்டு ஆய்விலும் துணியின் பாரம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. சுடுநீரில் மெசினில் தோய்த்து மின்சாரத்தில் உலர்த்துவது. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர், சவர்க்காரம், கை, பிறகு வருடத்தில் எட்டு மாதம் சும்மா கிடைக்கிற வெயில். லண்டன் தாய்க்கு இல்லாத வசதி களுதாவளைத் தாய்க்கு வானத்திலிருந்து கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நட்டம்.

ஆகவே என் கருத்து இது. வெயில் இருக்கிற நாளில், வீட்டில் இருக்கிற நேரத்தில் துணி. இரவிலும் பயணத்திலும் கிளினிக் வரிசையிலும் காயாத மாரி நாளிலும் பம்பஸ். எதுவானாலும் மலத்தை முதலில் மலசலகூடத்தில் தட்டி ஊற்றிவிட வேண்டும். துணியை மூடியுள்ள வாளியில் ஊறவைத்து, முதல் அலசிய தண்ணீரையும் மலசலகூடத்திலேயே ஊற்றி, பிறகு சவர்க்காரம் போட்டு நன்றாக அலசி வெயிலில் போட வேண்டும். கழற்றிய பம்பஸை இறுக்கிச் சுருட்டி, நாய் இழுக்காத மூடியுள்ள வாளியில், உள்ளூராட்சி சபை எடுக்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வழியும் எங்கள் பெத்தாமாரிடம் இருந்தது. காலை நீட்டி இருந்துகொண்டு, இரண்டு பாதத்துக்கும் நடுவில் பிள்ளையை இருத்தி, முழங்காலில் சாய்த்துப் பிடித்து ‘ஸ்ஸ்’ என்று ஓசை கொடுப்பார்கள். பால் குடித்துக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை அப்படியே போய்விடும். என் பேத்திக்கு இதைத் தலை நின்ற பிறகு பழக்கினேன். மலத்துணி பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

இனி, யார் தோய்ப்பது? எங்கள் வீட்டில் மருமகன் தோய்க்கிறார். அரச உத்தியோகத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் விடுமுறை, தந்தைக்கு மூன்று நாள். சட்டமே பிள்ளையைத் தாயின் தலையில் கட்டிவிடுகிற நாட்டில், ஒரு ஆண் நெப்பி தோய்ப்பதைக் கண்டால் ஊர் சிரிக்கும். அதற்கு அஞ்சி முதல் மாதம் அவர் இருட்டிய பிறகுதான் கிணற்றடிக்குப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுகா ஒரு நாள் காலையில், வேலியோரம் ஆட்கள் போய்வருகிற நேரத்தில், துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அதைக் கண்டு தன் புருசனைக் கூட்டிவந்து காட்டினாள். நான் முப்பத்திரண்டு வருடம் கிளினிக்கில் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தக் காட்சி பெரியது. கிளினிக்குகளுக்குத் தாயோடு தந்தையையும் அழையுங்கள், துணி தோய்ப்பதை அவருக்கும் கற்றுக்கொடுங்கள் என்று சுகாதாரத் துறையில் இருக்கிற என் தங்கைமாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கே போடுவது என்ற கேள்விக்கு வீடு தனியாக விடை சொல்ல முடியாது. வாவியைச் சுற்றியுள்ள எல்லா உள்ளூராட்சி சபைகளும் கிழமைக்கு இரண்டு நாள், ஒழுங்கை முனைவரைக்காவது வந்து பம்பஸைத் தனியாக எடுக்க வேண்டும். பாதை கட்டுகிற துறைகளில் மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும். அதற்கான செலவில் ஒரு பங்கை விற்கிற கம்பனிகளிடமிருந்து வாங்கச் சட்டம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஐந்து என்றால் ஒன்றரை வருடத்தில் 2,700. விற்றுக் காசெடுத்தவர்களுக்கு அந்த 2,700இன் முடிவில் பங்கில்லை என்பது நியாயமல்ல.

ஐப்பசி பிறந்தால் வெயில் மங்கும். கார்த்திகையில் எங்கள் கொடி மூன்று நாளானாலும் காயாது. பகலிலும் பம்பஸ் கட்டத்தான் வேண்டியிருக்கும், வாசலில் இருக்கிற வாளி இரண்டு நாளில் நிறையும். குறுமண்வெளிப் பாதையில் அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி அப்போது என் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். டிராக்டர் வந்தால் என்னிடம் விடை இருக்கும். வராவிட்டால் எனக்கும் அவளுக்கும் வித்தியாசமில்லை. முகத்துவாரம் வெட்டுவதற்கு ஒவ்வொரு மாரியிலும் கூட்டம் கூடுகிறவர்கள், இந்த மாரிக்கு முன் இதற்கும் ஒருமுறை கூட வேண்டும்.